வீட்டுக்குள் ஓடும் கரண்ட் – 9: நியூட்ரல் அறுந்த இரவு

மே மாதம் பெங்களூரில் சாயங்கால மழைக்குப் பெயர்போன மாதம். அப்படியொரு மழை இரவில் அல்சூரில் அக்கா வீட்டில் இருந்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மின்விசிறி திடீரென்று வேகம் பிடித்தது. அடுத்த நிமிடம் கூடத்து விளக்கு ‘பட்’டென்று அணைந்தது. பிறகு சமையலறை, பிறகு படுக்கையறை. வீடெல்லாம் கருகல் வாடை. எதிர்வீட்டிலோ மின்விசிறி நகரவே மறுத்தது. ஃபிரிட்ஜ் உறுமிக்கொண்டே நின்றது.

“எங்கேயோ இடி விழுந்துடுச்சுடா தம்பி” என்றார் அக்கா.

மறுநாள் வந்த எலக்ட்ரீஷியன் பெரியவர் இரண்டு வீட்டுக் கதையையும் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். “இடி இல்லம்மா. ஒரு வீட்ல டல்லா, ஒரு வீட்ல ஓவரா வந்துச்சுன்னா நியூட்ரல் போயிருக்கு.”

அவர் சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நம் தெருவுக்கு மூன்று பேஸ் வருகிறது. ஒவ்வொரு பேஸும் சில வீடுகளுக்குப் போகிறது. நியூட்ரல் மட்டும் எல்லோருக்கும் பொது. பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே 230 வோல்ட்; பேஸுக்கும் பேஸுக்கும் நடுவே 400 வோல்ட். கம்பத்திலோ கட்டடத்தின் மெயின் போர்டிலோ அந்தப் பொது நியூட்ரல் இணைப்பு தளர்ந்து விட்டுப்போனால், இரண்டு பேஸில் இருக்கும் வீடுகள் தங்களுக்குள் 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். பங்கு சமமாக இருக்காது. கீசர், இஸ்திரிப் பெட்டி என்று அதிகம் இழுக்கும் வீட்டுக்கு வோல்டேஜ் குறையும். நாலு எல்.இ.டி. விளக்கு மட்டும் எரியும் வீட்டுக்கு மிச்சமெல்லாம் வந்து சேரும். சிக்கனமாக வாழ்கிற வீட்டுக்குத்தான் அடி அதிகம். எனக்கு இது மிகவும் அநியாயமாகப் படுகிறது.

செத்த பல்பு ஒன்றைப் பிரித்துப் பார்த்தேன். மேலே மஞ்சள் சில்லுகள் பழுதில்லாமல் இருந்தன. கீழே, டிரைவர் அட்டையில், சுண்டுவிரல் நுனியளவு கெபாசிட்டர் தலை உப்பி வெடித்துப் பழுப்பாகக் கசிந்திருந்தது. அதன் உடம்பில் 400 வோல்ட் என்று அச்சு. 230 வோல்ட் கரண்டின் உச்சமே 325; 400 வோல்ட் வந்தால் உச்சம் 560-ஐத் தாண்டும். அது எப்படித் தாங்கும்?

பழைய விளக்குகளுக்குள் இந்த மாதிரி அட்டை கிடையாது. சேஷாத்ரி ஐயர் மைசூர் திவானாக இருந்தபோது உருவான சிவனசமுத்திரம் மின்திட்டம் 1902-இல் முதலில் கோலார் தங்கவயலுக்குக் கரண்ட் தந்தது. 1905 ஆகஸ்ட் 5-ஆம் தேதி பெங்களூர் சிட்டி மார்க்கெட் பக்கம் தெருவிளக்கு எரிந்தது. அதன் பிறகு பல பத்தாண்டுகளாக நம் வீடுகளில் விளக்கு என்பது ஒரு டங்ஸ்டன் இழை, அல்லது செம்புக்கம்பி சுற்றிய கனமான சோக். இப்போது ஒவ்வொரு பல்புக்குள்ளும் ஒரு சின்ன எலக்ட்ரானிக் சர்க்யூட். விளக்கு மாறிவிட்டது, கம்பத்து இணைப்பும் வீட்டு எர்த்தும் பல இடங்களில் பழையபடியே இருக்கின்றன.

இடிக்கும் தனியாகக் காவல் வேண்டும். மெயின் போர்டில் எம்.சி.பி. பக்கத்தில் பொருத்துகிற எஸ்.பி.டி. (சர்ஜ் ப்ரொடெக்டிவ் டிவைஸ்), மின்னலாலும் பெரிய மோட்டார்கள் நின்று ஓடுவதாலும் கண்ணிமைப்பதற்குள் வந்து போகும் எழுச்சியை எர்த்துக்குத் திருப்பிவிடும். வீட்டுக்கு ‘டைப் 2’ கேளுங்கள். அதற்குப் போகும் வயரும் எர்த் வயரும் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். நீளம் கூடினால் காவல் குறையும். எர்த் சரியில்லாத வீட்டில் அது தன் வேலையை முழுதாகச் செய்யாது. எர்த் குழியைப் பற்றி அடுத்த வாரம் விரிவாக எழுதுகிறேன்.

ஆனால் நியூட்ரல் அறுந்தால் எஸ்.பி.டி. காப்பாற்றாது. மணிக்கணக்கில் நிற்கும் அதிக வோல்டேஜில் அதுவே சூடேறிக் கெட்டுப்போகும். அதன் பச்சை ஜன்னல் சிவப்பாக மாறும். பெங்களூர் எஸ்.பி. ரோடு கடைகளில் பலர் இந்த ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்புகிறார்கள். கூடவே வாங்க வேண்டியது வோல்டேஜ் ப்ரொடெக்டர். 270 வோல்ட் என்று வைத்தால், அதைத் தாண்டியதும் வீட்டு இணைப்பைத் துண்டித்து, சரியான பிறகு மறுபடி சேர்க்கும். அக்கா வீட்டில் இரண்டையும் பொருத்தியாயிற்று. பல்பு வாங்கும்போதும் அட்டையைப் படியுங்கள்: 4 கே.வி. சர்ஜ், 440 வோல்ட் தாங்கும் என்று சில கம்பெனிகள் அச்சிட்டிருக்கும்.

இவை எதுவும் இல்லாத வீடா? மின்விசிறி தானாக வேகமெடுத்தாலோ, விளக்குகள் விட்டுவிட்டுப் பளிச்சிட்டாலோ காத்திருக்காதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள், பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள், பிறகு 1912-க்குப் போன் செய்யுங்கள்.