எட்டு பிட் கணினியின் மரபும் கரிசல் வழக்குச் சொற்களின் மின்பதிவும்

முன்னுரை

1981 டிசம்பரில் இங்கிலாந்தில் பிபிசி மைக்ரோ என்னும் எட்டு பிட் வீட்டுக்கணினி விற்பனைக்கு வந்தது. 1982இல், கோவில்பட்டியை அடுத்த இடைசெவலைச் சேர்ந்த கி. ராஜநாராயணன் தொகுத்த 'கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி' அச்சேறியது. தம்முள் தொடர்பற்ற இவ்விரு ஆக்கங்களையும் வழக்குச் சொல் தொகுப்போர் இன்று சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. இன்றைய தொகுப்புகள் கணினிக் கோப்புகளாகவே பிறக்கின்றன. அக்கோப்புகள் பிற்காலத்தில் படிக்கத்தக்கனவாக இருக்குமா என்னும் வினாவிற்கு, எட்டு பிட் கணினிகள் விட்டுச்சென்ற மரபிலிருந்து விடை காண இக்கட்டுரை முற்படுகிறது.

பிபிசி மைக்ரோவும் இந்தியப் பள்ளிகளும்

ஏக்கான் நிறுவனம் வடிவமைத்த பிபிசி மைக்ரோ, 2 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கும் 6502 என்னும் சில்லைக் கொண்டது. இதன் 'பி' வடிவத்தின் நினைவகம் 32 கிலோபைட். இந்திய அரசு 1984இல் தொடங்கிய 'கிளாஸ்' என்னும் பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம் இக்கணினியையே தேர்ந்தது. முதற்கட்டமாக 250 பள்ளிகள் இலக்காகக் கொள்ளப்பட்டன. செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் 'எஸ்.சி.எல். யூனிகார்ன்' என்னும் பெயரில் இதன் இந்திய வடிவத்தை வெளியிட்டது.

இக்கணினியின் வன்பொருள் மரபு இன்றும் தொடர்கிறது. ஏக்கானில் சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகியோர் வடிவமைத்த ஏ.ஆர்.எம். சில்லு 1985 ஏப்ரலில் முதன்முதலாக இயங்கியது. பிபிசி மைக்ரோவுடன் இணைத்தே அது சோதிக்கப்பட்டது. இன்றைய கைப்பேசிகள் பெரும்பாலும் அவ்வடிவமைப்பின் வழிவந்த சில்லுகளால் இயங்குகின்றன. கரிசல் நிலத்து உழவர் ஒருவரின் பேச்சைக் கள ஆய்வாளர் பதிவு செய்யும் கருவியும் அவ்வழியில் வந்ததே.

எட்டு பிட்டும் தமிழெழுத்தும்

எட்டு பிட்டுகளால் 256 குறியெண்களை அமைக்கலாம். தமிழெழுத்துகள் 247 என்பதால் இவ்விடம் போதுமானதாகத் தோன்றும். ஆனால் குறியெண்களின் முற்பாதியான 128 இடங்களை ஆங்கில எழுத்துகளும் கட்டளைக் குறிகளும் கொண்டிருந்தன. பிபிசி மைக்ரோவில் பயனர் தாமே வடிவமைத்துக்கொள்ள இயல்பாக ஒதுக்கப்பட்டவை 32 இடங்களே. ஒவ்வொரு வடிவமும் எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டத்திற்குள் அடங்க வேண்டும். 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் வடிவங்களைக் குறைத்த பின்னரும், கிரந்த எழுத்துகளை நீக்கியே கணக்கிட்டாலும், தமிழை எழுத ஏறத்தாழ 90 வடிவங்கள் தேவைப்படுகின்றன. 'ண', 'ணை' போன்ற அகன்ற வடிவங்கள் எட்டுப் புள்ளி அகலத்தில் அடங்குவதும் அரிது.

பின்வந்த கணினிகளில் புள்ளிக் கட்டத்தின் நெருக்கடி நீங்கியது. ஓரெழுத்திற்கு எட்டு பிட் என்னும் வரையறை நீடித்தது. 1990களின் இறுதியில் உருவான டிஸ்கி குறியீடும், 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற டேப் குறியீடும் முற்பாதியை ஆங்கிலத்திற்கு விட்டு, பிற்பாதியில் தமிழ் வடிவங்களை அமைத்தன. இரண்டிலும் இட அடைவு வேறுவேறு. ஆதலால் ஒன்றில் தட்டச்சிட்ட கோப்பை மற்றொன்றிற்குரிய எழுத்துருவில் திறந்தால் பொருளற்ற எழுத்துத் தொடரே கிடைக்கும்.

அகரவரிசையும் தேடலும்

இக்குறியீடுகள் ஒலிப்பு முறையைப் பின்பற்றாமல், கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் எழுத்தைச் சேமித்தன. 'கொ' என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால் என மூன்று குறிகளாக அமையும். இதன் விளைவைக் கரிசல் நிலத்தில் வழங்கும் சொற்களைக் கொண்டே அறியலாம். கம்மாய், கேப்பை, கொழு ஆகிய மூன்றும் அகராதியில் ககர வரிசைக்குரியவை. கோப்பைக் குறியெண் வரிசையில் அடுக்கினால், கம்மாய் மட்டுமே ககரத்தில் நிற்கும். கேப்பை இரட்டைக்கொம்பின் கீழும், கொழு ஒற்றைக்கொம்பின் கீழும் சேரும். சகர வரிசைக்குரிய 'சொளகு' கொழுவின் அருகே வந்து நிற்கும். அகராதிக்கு உயிரான அகரவரிசை இவ்வாறு குலைகிறது.

1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதில் மெய்யடி முன்னும் உயிர்க்குறி பின்னுமாக எழுத்து சேமிக்கப்படுவதால் மேற்கண்ட குழப்பம் நீங்கியது. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. எனினும் பழைய பழக்கம் முற்றிலும் மறையவில்லை. தட்டச்சுப்பொறிக் காலம் முதல் ஔகாரக் குறியின் இடத்தில் ளகரத்தை இடும் வழக்கம் உண்டு. 'கௌதாரி' எனத் தேடும் ஆய்வாளருக்கு, ஒற்றைக்கொம்பும் ளகரமும் இட்டு எழுதப்பட்ட 'கெளதாரி' அகப்படாது. கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இரண்டும் கணினிக்கு வெவ்வேறு சொற்கள். 'கிணறு', 'கெணறு' என ஒலிப்பு வேறுபாடுகளைப் பேண வேண்டிய வட்டார வழக்குத் தொகுப்பில், எழுத்துப் பிழையையும் வழக்கு வேறுபாட்டையும் பிரித்தறிவது இதனால் மேலும் கடினமாகிறது.

டோம்ஸ்டே திட்டம் உணர்த்துவது

மக்கள் வழக்கைக் கணினியில் சேமிப்பதன் இடரைப் பிபிசி மைக்ரோவின் வரலாறே காட்டுகிறது. இங்கிலாந்தின் பழைய நிலக் கணக்கெடுப்பான டோம்ஸ்டே ஏடு 1086இல் எழுதப்பட்டது. அதன் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986இல் பிபிசி நிறுவனம் புதியதொரு தொகுப்பை வெளியிட்டது. ஏறத்தாழ 9,000 பள்ளிகளின் துணையுடன், பத்து இலட்சம் பேர் தம் ஊர்களின் அன்றாட வாழ்வை எழுதியளித்தனர். பிபிசி மைக்ரோவின் வழிவந்த பிபிசி மாஸ்டர் கணினியால் மட்டுமே படிக்கத்தக்க ஒளித்தட்டுகளில் அவை சேமிக்கப்பட்டன.

பதினைந்து ஆண்டுகளுக்குள் அக்கணினிகளும் தட்டு இயக்கிகளும் அருகின. தோலில் எழுதப்பட்ட 1086ஆம் ஆண்டின் ஏடு படிக்கத்தக்கதாக இருந்தபோது, 1986ஆம் ஆண்டின் தொகுப்பு எட்டாப் பொருளாகும் நிலை ஏற்பட்டது. லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் பழைய கணினியைப் போலவே இயங்கும் மென்பொருளை உருவாக்கி, 2002இல் அதனை மீட்டுக் காட்டினர். வன்பொருளின் அமைப்பு பற்றிய ஆவணங்கள் எஞ்சியிருந்தமையும் அதனை அறிந்தோர் வாழ்ந்திருந்தமையும் இம்மீட்பிற்குத் துணைநின்றன.

முடிவுரை

1982இல் அச்சான கரிசல் அகராதியைப் படிக்கக் கருவி எதுவும் வேண்டா. பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்டுக் குறுந்தட்டுகளில் சேமித்த ஆய்வேட்டுப் பின்னிணைப்புகளுக்கும் களப்பணிச் சொற்பட்டியல்களுக்கும் அவ்வாய்ப்பில்லை. எழுத்துருவின் பெயர் மறந்துபோனால் அவற்றின் சொற்களும் உடன் மறையும். மானாவாரி வேளாண்மை சுருங்கும்போது அதன் கருவிப் பெயர்களும் வழக்கொழிகின்றன. சொல்லைத் தந்த முதியவரிடம் மீண்டும் சென்று கேட்கும் வாய்ப்பு எப்போதும் அமைவதில்லை.

ஆகவே தமிழ்த்துறைகள் தம்மிடமுள்ள பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளுதல் இன்றியமையாதது. மாற்றப்பட்ட பாடத்தை மூலத்துடன் ஒப்பிட்டு ஔகாரக் குறி முதலியவற்றைத் திருத்துதல், மூலக்கோப்புடன் அதன் குறியீட்டையும் எழுத்துருவையும் குறித்துவைத்தல், ஓர் அச்சுப்படியை நூலகத்தில் சேர்த்தல் ஆகியவையும் பதிப்புப் பணியின் கூறுகளாகக் கொள்ளத்தக்கவை. சுவடி அழியுமுன் படியெடுத்த மரபினருக்கு இது புதிய பணியன்று.