சிறு செய்மதியும் கமக்காரரும்

திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குச் செல்வோர், சுவாமி மலையின் விளிம்பிலே கடலை நோக்கிப் பிளந்து நிற்கும் 'இராவணன் வெட்டு' என்னும் பாறைப் பிளவைக் கண்டிருப்பர். இராவணன் தன் வாளால் வெட்டிய இடம் அதுவென்பது இப்பகுதியில் வழிவழி வரும் கதை. அம்மன்னனின் பெயரைச் சூடிய சிறு பெட்டி ஒன்று 2019ஆம் ஆண்டிலே விண்ணில் உலாவத் தொடங்கிற்று. இலங்கைப் பொறியியலாளர் தாமே ஆக்கிய முதற் செய்மதியாகிய 'இராவணா-1' என்பதே அது.

நெல்லும் வெங்காயமும் விளைவிக்கும் கமக்காரருக்கும் விண்ணில் உலாவும் பெட்டிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றலாம். தொடர்பு உண்டு. மழை, காற்று, குளத்து நீர் ஆகிய மூன்றின் செய்தியும் காலத்தோடு வந்து சேர்வதைப் பொறுத்தது அது.

ஒரு கிலோ எடையுள்ள செய்மதி

இராவணா-1 ஏறக்குறைய ஒரு கிலோகிராம் எடையும், பக்கத்துக்குப் பத்துச் சென்ரிமீற்றர் அளவும் உடையது. நெல் அளக்கும் கொத்தின் பருமனுக்கு அதிகம் மிஞ்சாது. தரிந்து தயாரத்ன, துலானி சாமிக்க ஆகிய இரு இளம் பொறியியலாளர் யப்பானிலுள்ள கியூஷு தொழினுட்ப நிறுவகத்திலே இதனை ஆக்கினர். யப்பானும் நேபாளமும் இதே முயற்சியில் தத்தமக்கு ஒவ்வொரு செய்மதியை ஆக்கின. மூன்றும் 2019 ஏப்பிரலில் அமெரிக்காவிலிருந்து சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்டு, 2019 யூன் 17ஆம் நாள் அங்கிருந்து விண்ணில் விடப்பட்டன.

அவை உலாவிய உயரம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அவ்வுயரத்தில் உலாவும் செய்மதி, விநாடிக்கு ஏழரைக் கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடி, ஒன்றரை மணி நேரத்தில் உலகை ஒருமுறை சுற்றிவிடும். ஆகையால் ஓரிடத்தின் வானத்தைக் கடக்கும்போது, பத்து நிமிடத்துக்கு மேல் அது அங்கே தங்குவதில்லை. அவ்வுயரத்திலும் மிக மெல்லிய காற்று உண்டு. அது செய்மதியைச் சிறிது சிறிதாகக் கீழே இழுக்கும். இரண்டாண்டுகளுக்கு மேல் உலாவிய இராவணா-1, 2021ஆம் ஆண்டிலே வளிமண்டலத்துள் விழுந்து எரிந்து முடிந்தது.

தொலைவில் நிற்பதும் அருகில் ஓடுவதும்

எல்லாச் செய்மதிகளும் இவ்வாறு ஓடுவன அல்ல. நிலநடுக்கோட்டின் மேல் ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு செய்மதியை வைத்தால், பூமியோடு ஒத்துச் சுழன்று, நமது கண்ணுக்கு அது ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். அத்தகைய மூன்று செய்மதிகளால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என 1945ஆம் ஆண்டிலே எழுதியவர் ஆதர் சி. கிளார்க். அவர் 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறியவர்; சுவாமி மலையின் அடியிற் கடலுள் மூழ்கி, பழைய கோயிலின் தூண்களைக் கண்டவர்களுள் ஒருவர். இராவணா-1 முயற்சியில் இலங்கையின் சார்பிற் பங்குகொண்ட நிறுவகமும் அவர் பெயரையே தாங்கியுள்ளது.

தொலைவில் நிற்கும் பெரிய செய்மதிகள் பெரும் எடையும் பெருஞ் செலவும் உடையன. சிறு செய்மதியோ குறைந்த செலவில், மாணவராலும் ஆக்கப்படக் கூடியது. ஒன்று பழுதுபட்டால் வேறொன்றை அனுப்பலாம். ஆனால் அதனிடம் சிறு வேலையையே ஒப்படைத்தல் வேண்டும்.

செய்தி சுமக்கும் வேலை

அத்தகைய சிறு வேலைகளுள் ஒன்று, குறுஞ்செய்தியை வாங்கி வைத்திருந்து வேறோரிடத்திற் கொடுத்தல். சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தார் ஆக்கிய 40 கிலோகிராம் எடையுள்ள 'அனுசாட்' என்னும் செய்மதி, 2009 ஏப்பிரல் 20ஆம் நாள் சிறீகரிக்கோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. ஓரிடத்தின் மேலே செல்லும்போது செய்தியைப் பெற்று, மற்றோரிடத்தை அடைந்ததும் அதனை இறக்கும் முறையைச் சோதிப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று. கடிதப் பையோடு ஊர் ஊராகச் செல்லும் தபாற்காரரின் தொழிலை ஒத்தது அது.

இராவணா-1இலும் 'லோறா' என்னும் வானொலி முறை சோதனைக்காக வைக்கப்பட்டது. சிறிய மின்கலத்தின் வலுவைக் கொண்டே, சில எண்களை மாத்திரம், மெதுவாக ஆயின் நெடுந்தூரம் அனுப்பும் முறை அது. மழைமானியின் அளவையோ குளத்தின் நீர்மட்டத்தையோ தெரிவிக்கச் சில எண்களே போதும். கைத்தொலைபேசி அலை எட்டாத காட்டுக் குளத்தின் கலிங்கிலே இத்தகைய கருவியொன்று இருக்குமாயின், நீர் உயர்வதைக் கீழேயுள்ள வயற்காரர் வெள்ளம் வருமுன்னரே அறிய வழி உண்டாகும். சிறு செய்மதிச் சோதனைகளின் பயன் இதுவே.

மேகத்தின் கீழே வீசும் காற்று

1964 டிசம்பர்ப் புயலைத் திருகோணமலையின் முதியோர் மறந்திலர். உலகின் முதல் வானிலைச் செய்மதி 1960இலேயே ஏவப்பட்டது. ஆகவே செய்மதிப் படம் அப்போது தொடக்க நிலையிலே இருந்தது. 2020 டிசம்பர் 2ஆம் நாள் இரவு 'புரெவி' என்னும் புயல் குச்சவெளிப் பக்கமாகக் கரையேறியபோது நிலைமை வேறு. புயலின் போக்கு முன்னரே கவனிக்கப்பட்டு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. கரையோர மக்கள் பலர் பாதுகாப்பான இடங்களுக்குச் சென்றனர்.

எனினும், மேலிருந்து எடுக்கும் படம் மேகத்தின் முதுகையே காட்டும்; அதன் கீழே கடலில் வீசும் காற்றின் வேகத்தைக் காட்டாது. இக்குறையை நீக்க, ஒவ்வொன்றும் 30 கிலோகிராமுக்குக் குறைந்த எட்டுச் செய்மதிகளை 2016 டிசம்பரில் அமெரிக்க விண்வெளி நிறுவனம் ஏவிற்று. 'சிக்னஸ்' என்பது அத்தொகுதியின் பெயர். வழிகாட்டும் செய்மதிகளின் வானொலி அலைகள் கடலிற் பட்டுத் தெறிப்பதை அவை அளந்தன. காற்றில்லாத இரவில் வயலிற் கட்டிய நீரிலே நிலவு தெளிவாகத் தோன்றும். காற்று வீசினால் உருக் கலைந்து சிதறும். அவ்வாறே அலை சிதறும் அளவைக் கொண்டு காற்றின் வேகம் கணிக்கப்படும். பெருமழை அவ்வானொலி அலையைத் தடுப்பதில்லை. நிலத்தின் ஈரத்தையும் வெள்ளம் பரந்த இடத்தையும் இம்முறையால் அறியலாம் என்பது பின்னர் கண்ட பயன்.

செய்மதி அறியாதது

சிக்னஸ் அளவிடும் காற்று, ஏறக்குறைய 25 கிலோமீற்றர் அகலமுள்ள பரப்பின் பொது அளவாகும். தம்பலகாமத்தில் ஒரு வரவையில் மழை பெய்து, அடுத்த வரவை காய்ந்து கிடப்பதை அத்தகைய கணிப்பு காட்டாது. சாதாரண நிழற்படக் கருவியோ, காலபோக மழைமேகம் மூடிய நாட்களில் வயலைக் காணவே மாட்டாது. ஆகையால் நிலத்திலே அளந்த அளவுக்கு ஈடு பிறிதில்லை. செய்மதி தூதுவன் மாத்திரமே. தூதுக்குரிய செய்தி வயலிலிருந்தே செல்லல் வேண்டும்.

கமக்காரர் செய்யத்தக்கது

ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒருவராவது மழையை அளந்து எழுதி வருதல் நன்று. வாயும் அடியும் ஒரே அகலமுள்ள, தட்டையான அடியுடைய தகரப் பேணி ஒன்று போதும். மரமும் கூரையும் மறைக்காத வெளியிலே அதனை நேராக நிறுத்தி, நாள்தோறும் காலை எட்டரை மணிக்கு நீரின் ஆழத்தை அடிமட்டத்தால் அளந்து, திகதியோடு குறித்து, நீரை ஊற்றிவிடல் வேண்டும். ஒரு மில்லிமீற்றர் மழை, ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 4,000 லீற்றர் நீராகும். 25 மில்லிமீற்றர் பெய்தால் ஓர் இலட்சம் லீற்றர் நீர் ஏக்கருக்குக் கிடைத்ததென அறிந்து, குளத்து நீரை அந்த அளவுக்கு மிச்சப்படுத்தலாம். வெங்காயப் பாத்திக்கு இறைப்பதா, நிறுத்துவதா என்பதையும் இக்கணக்கே சொல்லும்.

இக்குறிப்பேட்டைப் போகத் தொடக்கக் கூட்டத்துக்குக் கொண்டு செல்லுதல் பயன் தரும். விதைப்பு நாளும் நீர் திறக்கும் நாளும் அங்கே முடிவாகும்போது, சென்ற ஆண்டு மழை எப்போது தொடங்கிற்று என்பதற்கு நினைவைவிட எழுத்தே உறுதியான சான்று. நாளை ஒரு சிறு செய்மதி திருகோணமலையின் மழை அளவைச் சுமந்து செல்ல வருமாயின், கொடுப்பதற்குச் சரியான அளவு கமக்காரரின் கையில் இருத்தல் வேண்டும்.