கல்லிடுக்கில் ஒரு இரண்டு கிராம் உயிர்

எடையை வைத்துப் பார்த்தால் உலகின் மிகச் சிறிய பாலூட்டி எத்ருஸ்கன் மூஞ்சூறு. சராசரி எடை 1.8 கிராம், வாலை விட்டுவிட்டால் நீளம் 4 சென்டிமீட்டர் அளவுதான். நம் வீடுகளில் சுவரோரமாகக் கீச்சிட்டு ஓடும் மூஞ்சூறும் இதுவும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. 1822இல் இத்தாலியின் பைசா நகரத்து அறிவியலாளர் பாவ்லோ சாவி இதை முதன்முதலில் விவரித்தார்.

பெயர் இத்தாலிய மண்ணைச் சொன்னாலும் இதன் பரப்பு மிகப் பெரிது. தென் ஐரோப்பா, வட ஆப்பிரிக்கா, அரபுத் தீபகற்பம், மத்திய ஆசியா என்று தொடர்ந்து இந்தியா, இலங்கை, தென்கிழக்கு ஆசியா வரை பதிவாகியிருக்கிறது. கீழ்த்திசையில் இருப்பவற்றில் சிலவற்றைத் தனி இனமாகப் பிரிக்கும் ஆய்வாளர்களும் உண்டு.

இவ்வளவு பரவிய விலங்கு ஐரோப்பாவின் குளிர்ந்த வடபகுதியில் மட்டும் ஏன் இல்லை? காரணம் அதன் உடல்தான். உடல் சிறுக்கச் சிறுக்க, எடையோடு ஒப்பிடும்போது வெப்பம் வெளியேறும் தோல்பரப்பு கூடும். இழந்த வெப்பத்தை ஈடுகட்ட இதன் இதயம் நிமிடத்துக்கு 1,500 முறை வரைகூடத் துடிக்கிறது. தினமும் தன் எடைக்கு மேலேயே பூச்சிகளையும் சிலந்திகளையும் தின்றாக வேண்டும். குளிரோ பசியோ வாட்டினால் உடல் வெப்பத்தைத் தணித்து, விறைத்து உறங்கிச் சமாளிக்கும். ஆனால் மாதக்கணக்கான உறைபனியை அப்படிக் கடத்த முடியாது.

மத்தியதரைக் கடலோரத்தில் இதற்குப் பிடித்த இடம், சாந்து பூசாமல் அடுக்கிய கல்சுவர். ஒலிவத் தோப்புகளிலும் திராட்சைத் தோட்டங்களிலும் மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, மண் சரியாமலிருக்க உழவர்கள் கட்டிய சுவர்கள் அவை. வளை தோண்டும் வலு இதன் கால்களுக்குக் கிடையாது. கல்லிடுக்கே ஆயத்த வளை. பகலில் வெயில் வாங்கிய கல் இரவிலும் கதகதப்பாக இருக்கும். இரையும் அங்கேயே கிடைக்கும். மீசை முடியால் தொட்டறிந்தே இருட்டில் சிள்வண்டைப் பிடித்துவிடுகிறது இந்த மூஞ்சூறு. அடர்காடும், இடைவெளியின்றி உழுது பயிரிட்ட வயலும் இதற்கு ஒத்துவருவதில்லை.

ஆய்வாளர்கள் வைக்கும் பொறியின் கதவைச் சாய்க்கக்கூட எடை போதாத இந்த உயிரின் பரவல் வரைபடத்தை வரைய உதவிய பெருந்துணை கூகை. அது விழுங்கிக் கக்கும் உருண்டைகளில் கிடைக்கும் மண்டையோடுகளைக் கொண்டே பல இடங்களில் மூஞ்சூறு இருப்பது உறுதியானது.

உலக அளவில் இது அழிவின் விளிம்பில் இல்லை. ஆனால் பராமரிப்பின்றிச் சரியும் சுவர்களும், சிமென்ட் பூசி அடைத்த இடுக்குகளும் இதன் வீட்டைப் பறிக்கின்றன. சாந்தில்லாக் கல்சுவர் கட்டும் கலையை யுனெஸ்கோ 2018இல் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தச் சுவருக்குள் குடியிருப்பவற்றையும் சேர்த்தே காக்க வேண்டும். உங்கள் தோட்டத்தில் பழைய கல்கட்டு இருந்தால், பூசி மெழுகாமல் அப்படியே விட்டுவையுங்கள்.