சாவிக்கொத்து அணிந்த தாதி

சென்ற பொங்கல் விழாவின்போது நமது சங்கக் கூடத்தில் அன்பர் ஒருவர் எங்கள் அன்னையாரை நோக்கி, "உங்கள் மூத்த மகள் இங்கிலாந்தில் எந்த ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள்?" என்று வினவினார். "பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரி" என்று அன்னையார் விடையிறுத்தார். அருகில் நின்ற நாம் வாய் திறக்கவில்லை. எங்கள் தமக்கையார் பணியாற்றுவது ஆஸ்பத்திரியில் அன்று. ஆண் கைதிகள் அடைபட்டிருக்கும் ஒரு சிறைச்சாலையில். "ஜெயிலில் வேலை" என்று சொல்ல அன்னையாருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தில் நமக்கும் பங்கு இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

மாசி மாதத்தில் தமக்கையார் மூன்று வார விடுப்பில் நாகபுரிக்கு வந்தார். இரவுதோறும் அடுக்களையில் அமர்ந்து அவரைத் துருவித் துருவிக் கேட்டோம். பார்சல் ஆபீசில் குமாஸ்தாவாகக் காலந்தள்ளும் நமக்கு வைத்தியம் தெரியாது. ஆயினும் பதிவேடு, பொறுப்பு ஒப்படைத்தல், வண்டித் தாமதம் ஆகியவை தெரியும். அவருடைய வேலையிலும் பாதி இவையே என்று கண்டோம்.

இங்கிலாந்தில் கைதிகளின் உடல்நலம் நெடுங்காலம் சிறைத்துறையின் பொறுப்பிலேயே இருந்தது. 2003 முதல் சிறிது சிறிதாக மாறி, 2006 ஏப்ரலில் அரசாங்கச் சிறைகளின் வைத்தியப் பொறுப்பு முழுவதும் அந்நாட்டின் தேசிய சுகாதாரச் சேவையைச் சேர்ந்தது. உடம்புக்கு ஏதேனும் வந்தால் ஊரில் நாம் முதலில் யாரிடம் ஓடுகிறோமோ, அந்த முதல்நிலை வைத்தியந்தான் தமக்கையாரின் பகுதி. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, ஆறாத புண் எல்லாம் அங்கே வரும். மூத்த தாதியாகையால் இளைய தாதிகளின் வேலையை மேற்பார்ப்பதும், கைதிகள் எழுதிப் போடும் சீட்டுகளைப் படித்து எவரை இன்றே பார்ப்பது, எவரை நாளை பார்ப்பது என்று தீர்மானிப்பதும் அவர் கடமை.

காலையில் வாயிலில் கைத்தொலைபேசியை வைத்துவிட்டு, எண் பொறித்த வில்லையைக் கொடுத்துச் சாவிக்கொத்தைப் பெறுகிறார். அது இடுப்பில் சங்கிலியோடு பிணைக்கப்பட்டிருக்கும். மறந்து வெளியே கொண்டுபோய்விட்டால் சிறையின் பூட்டுகளையே மாற்ற நேரிடுமாம். முற்காலத்தில் ஒற்றைப் பாதையில் வண்டி விடுவதற்குக் கொடுத்த டோக்கன் நம் நினைவுக்கு வந்தது. இடுப்பில் ரேடியோ ஒன்றும் உண்டு. அதில் "நீலம்" என்று குரல் வந்தால் எவனோ மூச்சற்றுக் கிடக்கிறான். "சிவப்பு" என்றால் இரத்தப் பெருக்கு அல்லது தீக்காயம். பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஓடும்போதும் ஒவ்வொரு கதவையும் திறந்து, மறுபடி பூட்டிவிட்டே செல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் அரியது மாலை வேளைதான் என்றார். நீதிமன்றங்களிலிருந்து கைதிகளை ஏற்றிய வண்டி வந்து சேரும் நேரம் அது. வண்டிக்குள் ஆளுக்கோர் அலமாரி போன்ற சிற்றறை. சில நாள் ஆறு மணிக்கு வரும். சில நாள் இரவு எட்டாகும். புதிதாக வந்தவனை அறையில் விடுவதற்கு முன்பே ஒருமுறையும், ஏழு நாட்களுக்குள் மறுமுறையும் உடல்நிலையை ஆராய வேண்டும் என்பது 2016இல் அந்நாட்டில் வகுத்த வழிகாட்டு நெறி. என்ன மருந்து உண்கிறாய்? குடிப்பதுண்டா? தலையில் அடிபட்டதுண்டா? உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா? சிறைவாசத்தின் முதற்சில இரவுகளே தற்கொலைக்கு அஞ்ச வேண்டிய இரவுகள்.

ஒரு நாள் வந்த ஒருவன் எல்லாக் கேள்விக்கும் "ஒன்றுமில்லை" என்றே சொன்னானாம். தமக்கையார் எழுதுவதை நிறுத்திவிட்டு, காகிதக் குவளையில் தண்ணீர் கொடுத்தார். குவளை வாய்க்குப் போகுமுன் பாதித் தண்ணீர் சட்டையில் சிந்தியது. பல்லாண்டு மிகுதியாகக் குடித்தவனுக்கு மது சட்டென்று நின்றால் ஓரிரு நாளில் வலிப்பும் சித்தப்பிரமையும் வரும், உயிரும் போகலாம். அன்றிரவே டாக்டரைக் கலந்து மருந்து தொடங்கினார்கள். "வாயை நம்பியிருந்தால் அவனை இழந்திருப்பேன்" என்றார் தமக்கையார்.

இந்தப் பதிவுமுறை நமக்கும் புதிதன்று. நம் நாட்டின் 1894ஆம் ஆண்டுச் சிறைச் சட்டம், 24ஆம் பிரிவில், உள்ளே வரும் கைதியின் உடல்நிலையையும் உடலிலுள்ள காயங்களையும் குறிகளையும் புத்தகத்தில் பதியுமாறு விதித்தது. பார்சல் ஆபீசிலும் மூட்டை வந்தவுடன் கிழிசல், ஈரம் எல்லாம் குறித்துக்கொள்ளாவிட்டால் பின்னர் வழக்கு நம் தலையில் விழும் என்று நாம் சொல்ல, "மனிதனும் மூட்டையும் ஒன்றா, தம்பி?" என்று கடிந்துகொண்டார்.

அன்னையார் அதுவரை கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர், "கொலை செய்தவனுக்குமா நீ மருந்து கட்டுகிறாய்?" என்று கேட்டார்.

"சீட்டில் பெயரும் பிறந்த தேதியும் இருக்கும், அம்மா. அபாயமானவன் என்றால் காவலர் சொல்லிவிடுவார். மற்றபடி என்ன குற்றம் என்று நான் தேடிப் படிப்பதில்லை. படித்தால் என் கை தயங்குமோ என்று பயம்."

வெளியில் உள்ளவர்க்குக் கிடைக்கும் அதே தரமான வைத்தியம் கைதிக்கும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்று, 2015 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை ஏற்ற விதிகள் கூறுகின்றன. அவற்றுக்கு நெல்சன் மண்டேலாவின் பெயரை வைத்தார்கள். 27 ஆண்டுகள் சிறையிலிருந்த அவருக்கே 1988இல் காசநோய் கண்டது. கைதிக்குத் தண்டனை விதிப்பதில் வைத்தியத் துறையினர் பங்கு கொள்ளலாகாது என்பதும் அவ்விதிகளில் ஒன்று. தனியறையில் அடைக்கப்பட்டவனை நாள்தோறும் போய்ப் பார்ப்பார்கள். ஆனால் அடைக்கச் சொல்வது அவர்கள் வேலையன்று.

விதி அப்படி இருக்க, நடப்பு வேறு. வெளி ஆஸ்பத்திரிக்குக் கைதியைக் கொண்டுபோகக் காவலர் துணை வேண்டும்; ஆள் போதாத நாளில் பயணம் நின்றுவிடும். 2017-18இல் இங்கிலாந்தின் கைதிகளுக்குக் குறித்த ஆஸ்பத்திரி வேளைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 40 தவறிப்போயின. மருந்து கொடுக்கும் சாளரத்திலோ வேறு தொல்லை. நோவுக்கும் உறக்கத்துக்கும் தரும் மாத்திரைகள் உள்ளே பணம்போல் கைமாறும். ஆகவே விழுங்கியபின் வாயைத் திறந்து காட்டச் சொல்வார்கள். நாக்கின் அடியில் ஒளித்தவன் ஒருவனிடம் தமக்கையார் மூன்று மாதம் ஏமாந்தாராம்.

அந்த ஏமாற்றத்தின் விளைவை ஒரு நாள் நள்ளிரவில்தான் சொன்னார். அதன் பிறகு ஒரு நடுவயதினன் தலைவலி என்று சீட்டு எழுதிப் போட்டான். மாத்திரைக்கு அலைகிறான் என்று எண்ணி, அடுத்த வாரத்துக்குத் தள்ளினார். மறுபடியும் எழுதினான். மறுபடியும் தள்ளினார். மூன்றாம் சீட்டில் எழுத்து கோணலாக இருந்தது. முன்னிரண்டில் அப்படி இல்லை. சீட்டைக் கையில் பிடித்தபடியே அவன் அறைக்குப் போனார். இரத்த அழுத்தம் அளவு கடந்திருந்தது. ஒரு கண்ணில் பார்வை மங்கியிருந்தது. ஒரு மணி நேரத்துக்குள் இரண்டு காவலருடன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிழைத்தான்.

"முதல் சீட்டுக்கே போயிருக்க வேண்டும். எத்தனைக் கள்ளரைக் கண்டாலும் அடுத்தவனைப் புதியவனாகப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்" என்றார். பிறகு வெகுநேரம் பேசவில்லை. அன்னையார் எழுந்து பால் காய்ச்சினார்.

இக்கட்டுரையை எழுதலாமா என்று தமக்கையார் ஊர் திரும்பிய பின் அன்னையாரைக் கேட்டோம். இரண்டு நாள் விடை வரவில்லை. மூன்றாம் நாள், "எழுது. அந்தத் தலைவலிக்காரனையும் சேர்த்து எழுது" என்றார். அவன் இப்போது எப்படி இருக்கிறான் என்று தமக்கையாரிடம் அவர் முன்பே கேட்டிருந்தார். வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். அதற்குமேல் தெரியாது என்பதே பதில்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தமக்கையார் தொலைபேசியில் அழைப்பது வழக்கம். குளிரா, மழையா என்று கேட்டுவந்த அன்னையார் இப்பொழுதெல்லாம், "இந்த வாரம் வண்டி எத்தனை மணிக்கு வந்தது? எத்தனை பேர் இறங்கினார்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறார்.