தெமோதரை டேப்ளட்டும் இழைகளின் பூட்டும்

இலங்கை மலையகத்தில் எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவே ஓடுவது ஒற்றைத் தண்டவாளம். பதுளைக்கு இறங்கும் கோச்சியும் கொழும்புக்கு ஏறும் கோச்சியும் அந்த ஒரே பாதையைத்தான் பயன்படுத்த வேண்டும். இரண்டும் நேருக்கு நேர் வராமல் காப்பது டேப்ளட் என்ற வட்டத் தகடு. பகுதியின் இரு முனைகளிலும் உள்ள நிலையங்களில் ஒவ்வோர் இயந்திரம் இருக்கும்; இரண்டையும் மின்கம்பி இணைக்கும். மறுமுனை நிலைய அதிபர் சம்மதம் தந்தால் மட்டுமே தகடு வெளியே வரும். ஒன்று வந்துவிட்டால், அது இரு இயந்திரங்களில் ஏதாவது ஒன்றுக்குள் திரும்பப் போடப்படும்வரை அடுத்த தகடு எந்த முனையிலும் கிடைக்காது. தோல்பையோடு கூடிய பெரிய வளையத்தில் அதை வாங்கிக்கொள்ளும் சாரதி, தகட்டில் பொறித்துள்ள நிலையப் பெயர்களைப் பார்த்துவிட்டே வண்டியை நகர்த்துவார். தெமோதரைக்குப் பிறகு பாதை குன்றைச் சுற்றி, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைந்து செல்கிறது. உல்லாசப் பயணிகள் படமெடுப்பது அந்த வளைவைத்தான். வளையத்தையும் தகட்டையும் கவனிப்பவர் குறைவு.

இந்த இயந்திரத்தை எட்வர்ட் டயர் 1878இல் இங்கிலாந்தில் உருவாக்கினார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 1874 செப்டம்பரில், நோர்போக்கின் தோர்ப் என்ற இடத்தில் ஒற்றைப் பாதையில் இரண்டு ரயில்கள் மோதி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அங்கும் தந்தி இருந்தது, விதிமுறை இருந்தது. ஆனால் அனுமதி கேட்பதும், கொடுப்பதும், வண்டியை விடுவதும் தனித்தனிச் செயல்களாக இருந்தன. அந்த இடைவெளிக்குள் தவறு புகுந்தது. பாதை காலியா என்று பார்ப்பதையும் அதைக் கைப்பற்றுவதையும் டயரின் இயந்திரம் பிரிக்க முடியாத ஒரே செயலாக்கியது.

கணினியிலும் ஆபத்து அதே இடைவெளியில்தான் இருக்கிறது. ஒரு நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலைத் தொடர்களுக்கு இழைகள் என்று பெயர். எல்லா இழைகளும் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு தேயிலைத் தோட்டத்தின் கொழுந்துக் கணக்கைக் கூட்டும் நிரலை எடுத்துக்கொள்வோம். கொழுந்து நிறுக்கும் இரண்டு மடுவங்களிலிருந்து வரும் நிறையை இரண்டு இழைகள் பதிகின்றன. மொத்தம் 400 கிலோ என்றிருக்கும்போது முதல் இழை அதைப் படிக்கிறது. அது கூட்டி எழுதுவதற்குள் இரண்டாவது இழையும் 400ஐயே படித்துவிடுகிறது. முதலாவது 18ஐக் கூட்டி 418 என்று எழுத, இரண்டாவது 22ஐக் கூட்டி அதன்மேல் 422 என்று எழுதுகிறது. வர வேண்டியது 440. 18 கிலோ போன இடம் தெரியாது. பிழைச் செய்தி எதுவும் வராது. அதே நிரலை மறுபடி ஓட்டினால் சரியான விடையே வரக்கூடும். இத்தகைய பிழைகளைக் கண்டுபிடிப்பது கடினமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

இழைகளைக் கையாள்வதற்கான பொது நூலகம் 1995இல் போசிக்ஸ் தரத்தில் இடம்பெற்றது. பித்ரெட்ஸ் என்று அழைக்கப்படும் அந்த நூலகம் இத்தகைய பிழையைத் தடுக்கத் தரும் கருவி மியூட்டெக்ஸ் என்ற பூட்டு. பூட்டை எடுத்த இழை மட்டும் மொத்தத்தைத் தொடலாம்; மற்றவை காத்திருக்க வேண்டும். பூட்டு காலியா என்று பார்த்து அதே கணத்தில் எடுத்துக்கொள்ளும் வேலையைச் செயலியின் ஒரே ஆணை செய்து முடிக்கிறது. ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளை ஒழுங்குபடுத்தும் துறைக்கு அடித்தளமிட்ட எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1960களில் தம் முறைக்குச் செமஃபோர் என்ற ரயில் கைகாட்டியின் பெயரைத்தான் வைத்தார்.

பூட்டின் எல்லையைத் தீர்மானிப்பதில்தான் அனுபவம் தெரியும். பண்டாரவளையிலிருந்து பதுளைவரை முழுப் பாதைக்கும் ஒரே தகடு என்றால் விபத்து நடக்காது. ஆனால் எந்நேரமும் ஒரே ஒரு ரயில்தான் ஓடும். பாதையைப் பகுதிகளாகப் பிரித்தால் பல வண்டிகள் ஓடலாம், ஆனால் ஒவ்வொரு பகுதியின் முனையிலும் தகடு மாற்ற வேண்டும். நிரலிலும் அப்படியே: ஒரு பெரிய பூட்டு மற்ற இழைகளைச் சும்மா நிற்க வைக்கும், மிகச் சிறிய பூட்டுகள் எடுப்பதிலும் விடுவதிலும் நேரத்தைத் தின்னும். இரண்டு பூட்டுகள் தேவைப்படும் இடத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. ஓர் இழை முதல் பூட்டை வைத்துக்கொண்டு இரண்டாவதற்காகவும், மற்றது இரண்டாவதை வைத்துக்கொண்டு முதலாவதற்காகவும் நின்றால் இரண்டும் நின்றதுதான். எல்லா இழைகளும் பூட்டுகளை ஒரே வரிசையில் எடுக்க வேண்டும் என்ற விதி இதைத் தவிர்க்கும். பிழை நேர்ந்து பாதியில் வெளியேறும் வழியில் பூட்டைத் திறக்க மறப்பது இன்னும் சாதாரணமாக நடக்கும் தவறு.

பகிர்வதையே தவிர்ப்பது இன்னொரு வழி. கொழும்பிலிருந்து றம்புக்கணைவரை இரட்டைப் பாதை. போக ஒன்று, வர ஒன்று. எதிரே வண்டி வருமோ என்ற கேள்வியே அங்கே எழுவதில்லை. இழைக்கே உரிய தரவு என்பது இதைப் போன்றது. கொழுந்துக் கணக்கில் ஒவ்வோர் இழையும் தன் மொத்தத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, கடைசியில் ஒரே ஒருமுறை பூட்டை எடுத்துப் பொதுக் கணக்கில் சேர்த்தால் போதும். செலவு நினைவகத்தில் விழும்: இழைக்கு ஒரு பிரதி.

பித்ரெட்ஸ் இதைச் சாவிகள் வழியாகச் செய்கிறது. நிரல் ஒரு சாவியை உருவாக்குகிறது. சாவி எல்லா இழைகளுக்கும் பொது, அதன்கீழ் வைக்கும் மதிப்பு மட்டும் ஒவ்வோர் இழைக்கும் வேறு. சாவியை உருவாக்குவது ஒரே முறை நடக்க வேண்டும்; இரண்டு இழைகள் தத்தம் சாவியை உருவாக்கிக்கொண்டால் ஒன்றின் தரவு தொலையும். எனவே ‘ஒருமுறை மட்டும்’ என்பதை உறுதிசெய்யும் தனி வசதியும் நூலகத்தில் உண்டு. பூட்டைத் தவிர்க்க வந்த முறைக்கும் தொடக்கத்தில் இப்படி ஒரு காவல் வேண்டியிருக்கிறது. சாவியோடு ஓர் அழிப்புச் செயற்கூறையும் பதிந்து வைத்தால், இழை முடியும்போது அதன் மதிப்பை அது அகற்றிவிடும். ஆனால் இழைகளை முடிக்காமல், அடுத்தடுத்த வேலைகளுக்கு மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் வழங்கிகளில் அழிப்பு நடக்கவே நடக்காது. முந்தைய பயனரின் தரவு அடுத்தவரின் வேலைக்குள் எட்டிப் பார்ப்பது அங்கேதான். ஒவ்வொரு வேலையின் முடிவிலும் நிரலரே அதைத் துடைக்க வேண்டும்.

சி மொழியில் பிழை எண்ணைத் தாங்கும் எர்நோ இன்று இழைக்கு ஒன்றாகவே இருக்கிறது. அது பொதுவாக இருந்தால் ஓர் இழையின் பிழையை இன்னொன்று தன்னுடையதாகப் படித்துவிடும். 2011இல் வந்த சி11 தரம், ஒரு மாறியை இழைக்கு உரியது என்று அறிவிக்கும் சொல்லை மொழிக்குள்ளேயே சேர்த்தது. எளிய எண்களுக்கும் சுட்டிகளுக்கும் அதுவே போதும். இழை முடியும்போது எதையாவது விடுவிக்க வேண்டிய இடத்தில்தான் சி நிரலருக்கு இன்னும் சாவி தேவைப்படுகிறது.