நோவில்லாத மஞ்சள்

உவர்மலையில் நின்று திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தவர்கள் அதன் அமைப்பை அறிவர். உள்ளே பரந்த நீர். வெளியேறவோ ஒடுங்கிய வாய். அவ்வாயில் அடைபட்டால் உள்ளிருப்பவை தேங்க வேண்டியதுதான். நம் வயிற்றினுள்ளும் இத்தகைய வாயில் ஒன்றுண்டு.

ஈரல் நாளொன்றுக்கு அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை பித்தநீரைச் சுரக்கின்றது. பென்சிலின் தடிப்பையும் எட்டாத பித்தக்கான் வழியாக அது சிறுகுடலை அடைகின்றது. அக்கானிலோ, அதனை அணைத்துக் கிடக்கும் சதையியின் தலைப்புறத்திலோ புற்றுக்கட்டி தோன்றின் வழி அடைபடுகின்றது. பித்தம் குருதியிற் கலக்கின்றது. கண் மஞ்சளாகின்றது, சலம் வெறுந்தேநீரின் நிறங் கொள்கின்றது, மலமோ நிறமிழந்து களிமண் போலாகின்றது. உடலெங்கும் தினவெடுத்து உறக்கத்தைக் கெடுக்கின்றது.

கண் மஞ்சளித்தால் நாம் உடனே "செங்கமாரி" என்று பெயர் சூட்டிவிடுவோம். கீழ்க்காய்நெல்லியை அரைத்துப் பாலிற் கலந்து கொடுப்போம். கிருமியால் வரும் ஈரல் அழற்சி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். புகழ் மூலிகையைச் சேரும். அப்புகழைப் பறிப்பது நம் நோக்கமன்று. ஆயின், கட்டியால் வந்த அடைப்பை எந்தக் கஷாயமும் கரைக்காது. ஐம்பது, அறுபது வயதைக் கடந்தவருக்கு நோவின்றி நாளுக்கு நாள் மஞ்சள் ஏறி உடலும் மெலியுமாயின், மூலிகையில் மாதமொன்றைக் கழிப்பது, கட்டியை வெட்டியகற்றும் வாய்ப்பையே இழக்கச் செய்யக்கூடும். தாமதியாது வைத்தியசாலைக்குச் சென்று ஸ்கான் செய்வித்தல் வேண்டும். குளிருடன் காய்ச்சலும் கண்டால் அன்றே செல்ல வேண்டும்.

நோவில்லாமை நற்குறியன்று. மஞ்சளுடன் பித்தப்பையும் நோவின்றிப் பருத்துக் கைக்குத் தட்டுப்பட்டால் காரணம் கல்லாயிருத்தல் அரிது என்று, சுவிற்சர்லாந்துச் சத்திர வைத்தியர் கூர்வோசியே 1890 இலேயே எடுத்துரைத்தார்.

மீனுண்ணும் ஊரவரான நமக்கு ஓர் ஐயம் எழலாம். வங்கக் கடலுக்கு அப்பால், வடகிழக்குத் தாய்லாந்திலே, பித்தக்கான் புற்றுநோய் மிகுதி. அங்கே நன்னீர் மீனைப் பச்சையாக உண்பதால் ஈரற்புழு உடலிற் புகுந்து இந்நோய்க்கு வழிவகுக்கின்றது. நாம் உண்பதோ பெரும்பாலும் கடல்மீன். அதுவும் கொதித்த குழம்பில். கவலை கொள்ள வேண்டியது சுருட்டையும் சிகரட்டையும் பற்றியே. புகைத்தல் சதையிப் புற்றுக்கு அறியப்பட்ட காரணங்களுள் ஒன்று.

கட்டியை அகற்ற இயலாதோருக்கும் வழியுண்டு. வாய்வழியே கமரா பொருத்திய குழாயைச் செலுத்தி, அடைபட்ட கானுள் சிறு குழலொன்றை வைக்கும் முறையை, இந்தோனேசியாவிற் பிறந்து ஜேர்மனியிற் பணியாற்றிய வைத்தியர் நிப் சுகேந்திரா 1980 இல் வெளியிட்டார். குழல் கட்டியை அழிப்பதில்லை. ஆனால், பித்தம் மீண்டும் ஓடத் தொடங்கியதும் தினவு படிப்படியாகத் தணிகின்றது. பல நாள் விழித்திருந்தவர் உறங்குகின்றார்.