திடீர்ப் பயணமும் தீர்க்க வேண்டிய கணக்கும்

ஹஜ் குழுவின் குலுக்கலில் இடம் பெறாமல் காத்திருப்போர் பட்டியலில் நின்றவருக்கு, வேறொருவர் விலகியதால் இடம் கிடைத்துவிட்டதென்று ஒருநாள் செய்தி வருகிறது. மற்றொருவருக்கு, உம்ரா செல்லும் குழுவில் ஓர் இடம் காலியாக இருக்கிறதென்று அழைப்பு வருகிறது. பயண நாளோ வெகு அருகில்! வீடே பரபரப்படைகிறது. பெட்டி வாங்க ஒருவர், இஹ்ராம் துணி வாங்க ஒருவர் என ஆளுக்கொரு திசையில் ஓடுகின்றனர். இவ்வேளையில் முதலில் செய்யத்தக்கது யாது?

நம் பாட்டனார் காலத்தில் ரயிலேறிப் பம்பாய் சென்று, அங்கிருந்து கப்பலேறி ஹஜ்ஜுக்குச் சென்றார்கள். 1995-ஆம் ஆண்டோடு அக்கப்பல் பயணம் நின்றுவிட்டது. பயணம் நெடியதாயிருந்ததால், மீளாமற்போகவும் கூடும் என்றெண்ணி, கடனடைத்து, வீடுவீடாய்ச் சென்று பிழை பொறுக்கக் கேட்டுப் புறப்படுவது வழக்கமாயிருந்தது. விமானமோ சில மணி நேரத்தில் ஜித்தாவில் இறக்கிவிடுகிறது. தூரம் குறைந்ததே தவிர, கடமை குறையவில்லை.

கி.பி. 622-இல் நிகழ்ந்த ஹிஜ்ரத்தை எண்ணிப் பாருங்கள். கொலைவாள்கள் வாசலைச் சூழ்ந்திருக்க, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் இரவோடிரவாகப் புறப்பட்டார்கள். எனினும், மக்காவாசிகள் நம்பி ஒப்படைத்திருந்த அமானிதப் பொருள்களை உரியவரிடம் சேர்ப்பிக்க ஹழ்ரத் அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். உயிருக்கு உலை வைத்த ஊராரின் பொருளும் ஒரு குன்றிமணி குறையாமல் திரும்பியது.

மற்றொன்றையும் கவனியுங்கள். ஹழ்ரத் அபூபக்ர் (ரலி) அவர்கள் இரு ஒட்டகங்களை நான்கு மாத காலம் தீனியிட்டு ஆயத்தமாக வைத்திருந்தார்கள். வழியறிந்த ஒருவர் கூலிக்கு அமர்த்தப்பட்டிருந்தார். அஸ்மா (ரலி) அவர்கள் தம் இடைக்கச்சையைக் கிழித்து உணவுப் பையைக் கட்டிக்கொடுத்தார்கள். புறப்பாடு திடீரென நிகழ்ந்தது. ஆயத்தமோ முன்னரே நடந்தது.

ஆகவே, பெட்டியைத் திறக்குமுன் கணக்கேட்டைத் திறவுங்கள். தோல் கிடங்கில் உழைத்தவருக்குக் கூலி நிற்கிறதா? வெங்காய மண்டியில் பாக்கி உண்டா? அண்டை வீட்டுப் பெண்மணி நம்பிக் கொடுத்த நகை உங்கள் பீரோவில் இருக்கிறதா? தவணை வந்த கடனை அடையுங்கள். இயலாவிடில் கொடுத்தவரின் இசைவைப் பெறுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்து, வஸிய்யத்தும் எழுதி வையுங்கள். கடனை எழுதிவைக்கப் பணிக்கும் பகரா அத்தியாயத்தின் 282-ஆவது வசனமே திருமறையில் மிக நீண்ட வசனம் என்பதை மறவாதீர்கள். திரும்பும்வரை குடும்பத்தார்க்கு ஆகும் செலவையும் ஒதுக்கிவிட வேண்டும். திண்டுக்கல் பூட்டு வீட்டைக் காக்கும். அடுப்பெரியச் செய்வது உங்கள் பொறுப்பு.

“அல்லாஹ் பார்த்துக்கொள்வான்” என்று வெறுங்கையோடு கிளம்புவது தவக்குல் ஆகாது. யமன் நாட்டார் சிலர் வழியுணவின்றி ஹஜ்ஜுக்கு வந்து, மக்காவில் பிறரிடம் கையேந்தினர். அதனாலன்றோ, வழித்துணைப் பொருளைக் கொண்டுசெல்லுமாறும், அவற்றுள் சிறந்தது இறையச்சமே என்றும் இறைவன் அறிவுறுத்தினான்!

இக்காலத்தின் வழித்துணைப் பொருள்கள் சிலவும் உண்டு. பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். ‘முகமது’ என்னும் பெயர் ஓர் ஆவணத்தில் ஒருவிதமாகவும் மற்றொன்றில் வேறுவிதமாகவும் எழுதப்பட்டிருப்பது நம்மவரிடையே சாதாரணம். அவசர முறையில் விண்ணப்பித்தாலும் இது தடையாகலாம். ஓய்வான நாளிலேயே திருத்திக்கொள்ளுங்கள். மூளைக்காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்பாட்டுக்குப் பத்து நாட்களுக்கு முன்பேனும் போட்டுக்கொள்ள வேண்டும். மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடு கொண்டுசெல்லுங்கள். நம் வீட்டுக் குருமாவுக்கு ருசி தரும் கசகசா, சவூதியில் தடை செய்யப்பட்ட பொருள்! மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் வேண்டாம்.

பேகம்பூர் பெரிய பள்ளிவாசலுக்குத் தொழச் செல்வோர், ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகத்தின் அடக்கத்தலத்தைக் கண்டிருப்பீர்கள். மைசூர் அரச குடும்பத்து மாதரசி, திண்டுக்கல் மண்ணில் துயில்கிறார். எவர் எம்மண்ணில் அடங்குவார் என்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான். கணக்கை நேராக வைத்திருப்பவருக்கு மக்காவின் அழைப்பும் திடீரென்றில்லை; மறுமையின் அழைப்பும் திடீரென்றில்லை.

அத்தகைய ஆயத்தத்தை நம் அனைவருக்கும் வல்ல நாயன் அருள்வானாக! ஆமீன்.